அப்பாவோட 83 அம்பாசிடர்: இன்ஜின மாத்தவா, இருக்கிறதயே தேத்தவா?

திருமங்கலத்தான்:

எல்லாருக்கும் வணக்கம்ணே. இத்தன நாளா இங்க படிக்கிறதோட சரி, இப்ப நமக்கே ஒரு சோலி வந்து நிக்கிது அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும் பொறுத்துக்கங்க.

அப்பா வச்சிருந்த அம்பாசிடர், மார்க் 4, 1983 மாடல், பெட்ரோல், அந்த 1489 சிசி பழைய இன்ஜின், ஸ்டீரிங்குக்கு பக்கத்துலயே கியர். எங்க தெருவுல முக்காவாசிப் பேரு கல்யாணம் முடிஞ்சு மறுவீடு போனது இந்த வண்டியிலதான். அப்பாவுக்கு கண்ணு மங்குன பின்னாடி தோட்டத்துல தகர ஷெட்டுக்குள்ள விட்டது, விட்டபடியே கிடந்துச்சு. இப்ப பேட்டரி மாத்தி டேங்க்க கழட்டிக் கழுவி கார்புரேட்டர கிளீன் பண்ணி செல்ஃப் அடிச்சதுல கிளம்பிருச்சு. புகை கொஞ்சம் நீலமா தள்ளுது. ஆனா சத்தம் கேட்டதும் அப்பா கட்டில்ல இருந்து எந்திரிச்சு வாசலுக்கு வந்துட்டாரு, அதோட வண்டிய விக்கிற பேச்சு வீட்ல முடிஞ்சு போச்சு.

எனக்கு வேண்டியது கண்காட்சில நிப்பாட்டுற வண்டி இல்லண்ணே. அம்மா அப்பா, வீட்டுக்காரி, புள்ளைக ரெண்டு, இம்புட்டு பேரையும் ஏத்திக்கிட்டு நாலுவழிச் சாலையில 100ல நிம்மதியா போகணும், வருசத்துல ஒருக்கா ரெண்டுக்கா கொடைக்கானல் ஏறணும், ஏசி இருந்தாகணும். வெளிய இருந்து பாக்குறவனுக்கு அது பழைய அம்பாசிடராவே தெரியணும், ஓட்டுறவனுக்கு மட்டும் இந்தக் காலத்து வண்டியா இருக்கணும்.

மூணு பேருகிட்ட கேட்டேன் மூணு பேரும் மூணு திசையில கைய காட்டுறாங்க. ஒருத்தர் இருக்கிற இன்ஜினயே ஓவராயில் பண்ணு போதும்ங்கிறாரு, ஒருத்தர் அம்பாசிடர்லயே பின்னாடி வந்த இசுசு 1.8 இன்ஜின தேடிப் போடுங்கிறாரு, இன்னொருத்தர் புது மாருதி இன்ஜின் எதாச்சும் வச்சுத் தர்றேன்னு துடிக்கிறாரு. பட்ஜெட் பெயிண்டோட சேத்து அஞ்சு லட்சம், இழுத்தா ஆறு. ஆர்டிஓல என்ன பிரச்சன வரும்னும் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

விளாங்குடி வேகம்:

அண்ணே இதுல யோசிக்க என்ன இருக்கு. அந்தப் பழைய இன்ஜினத் தூக்கி காயலாங்கடைல எடைக்குப் போட்டுட்டு மாருதி ஜிப்சி கிங்ல வந்த 1.3 பதினாறு வால்வு இன்ஜின வைங்க, 80 பிஹெச்பி (குதிரை சக்தி), கார்புரேட்டருக்கு பதிலா பெட்ரோல பீச்சுற எம்பிஎஃப்ஐ, அஞ்சு கியர், கியர் பெட்டியும் பின்சக்கரத்தத் தள்ளுற மாடல்தான். உங்க இன்ஜின் புதுசுலயே அம்பதத் தொட்டிருக்குமாங்கிறது சந்தேகம். கூட நல்ல எக்ஸாஸ்ட், 17 இன்ச் அலாய், கீழ இறக்கி விட்டா நத்தம் பறக்கும் பாலத்துல ஒரு விரட்டு விரட்டலாம். ரவுசா இருக்கும்ணே. காசு இன்னும் இருந்தா ஜப்பான்காரன் இன்ஜின் ஆறு சிலிண்டர் டர்போவே வச்சிரலாம், வெளிநாட்டுல வைக்கிறானுக.

கப்பலூர் லேத்:

தம்பி விளாங்குடி, பாலத்துல விரட்டுறதுக்கு அவரு கேக்கல, ஆத்தா அப்பனோட கொடைக்கானல் போறதுக்கு கேக்குறாரு. கேள்விய ஒருக்கா படிச்சுட்டு வாங்க.

திருமங்கலத்தான் சார், நான் லேத் வேலை பாக்குறவன், இந்த இன்ஜின் பிளாக்க ரீபோர் பண்ணி, அதான் தேஞ்ச சிலிண்டர கடைஞ்சு பெருசாக்கி, கை காச்சுப்போன ஆளு, அதனால கொஞ்சம் வெவரமா சொல்றேன்.

ஜிப்சி இன்ஜின் 80 பிஹெச்பிங்கிறது நெசம்தான். ஆனா டார்க், அதான் இழுவை, பாத்தீங்கன்னா 103 என்எம், அதுவும் 4500 ஆர்பிஎம்ல. உங்க பழைய இன்ஜினும் கிட்டத்தட்ட அதே டார்க்க 2500க்குள்ளயே குடுத்துரும். ஜிப்சி இன்ஜின் நல்ல இன்ஜின், நான் குத்தம் சொல்லல, ஆனா ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல உள்ள தொட்டில ஆறு பேர ஏத்தி ஏசியப் போட்டு வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது அத முறுக்கிக்கிட்டேதான் ஓட்டணும். பேப்பர்ல இருக்கிற பிஹெச்பி வேற, ஏத்தத்துல கைகுடுக்கிறது வேற.

இப்ப உங்க இன்ஜினுக்கு வருவோம். முதல்ல கழட்டாதீங்க. நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாருங்க, சூடான பின்னாடி ஐடில்ல ஆயில் பிரஷர் என்ன நிக்கிதுன்னு பாருங்க. நீலப்புகை எப்ப வருதுன்னு கவனிங்க, ஆக்சிலரேட்டர மிதிக்கும்போது வந்தா ரிங், விட்டுட்டு இறக்கத்துல வந்துட்டு மறுபடி மிதிக்கிறப்ப குபுக்குனு தள்ளுனா வால்வு கைடு. ரொம்ப காலம் நின்ன வண்டிக்கு ரிங் ஒட்டிக்கிட்டு இருக்கிறதும் உண்டு, கொஞ்சம் ஓடுனா தானா விட்டுரும். இதப் பாக்காமயே ரீபோர் பண்ணிரலாம்னு சொல்ற மெக்கானிக்க நம்பாதீங்க.

சிலிண்டருக்கு மேல வால்வோட மூடி மாதிரி உக்காந்துருக்கிற ஹெட்ட எப்படியும் கழட்டத்தான் போறீங்க. அப்ப எக்ஸாஸ்ட் வால்வுக்கு கடினமான சீட்டு ரிங் அடிச்சிருங்க. நம்ம நாட்ல ஈயம் கலந்த பெட்ரோல நிறுத்துனது 2000ல, இந்த ஹெட்ட வார்த்தது அதுக்கு முன்னாடி. அந்த ஈயம்தான் வால்வு சீட்டுக்கு ஒரு பூச்சு மாதிரி காப்பாத்துச்சு, இப்ப அது கிடையாது, நெடுஞ்சாலையில 100ல விடாம ஓட்டுனா சீட்டு தேஞ்சு வால்வு உள்ள இறங்கி டேப்பட் கேப்பே இல்லாமப் போயிரும். டவுனுக்குள்ள கல்யாண ஓட்டம் ஓடுற வண்டிக்கு இது தெரியாது, நீங்க ஓட்டப் போற மாதிரிக்கு தெரியும். அதோட இப்ப பங்க்ல வர்றது பூராம் இ20, எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாபிராம் எல்லாம் ஊறிப்போயி ஒழுகும், எல்லாத்தையும் எத்தனாலுக்குத் தாங்குற ரகமா மாத்துங்க, கார்புரேட்டர் நீடிலும் ஒரு படி ரிச்சா இருக்கணும், இல்லாட்டி சூடு ஏறும். டேங்க்குக்குள்ள துரு இருந்தா அந்த எத்தனால் அத பூராம் அரிச்சுக் கொண்டாந்து ஃபில்டர்ல நிப்பாட்டும்.

பவர் வேணும்னா அதுக்கும் வழி இருக்கு. உங்க வண்டில இருக்கிறது இங்கிலாந்து பிஎம்சி கம்பெனியோட பி-சீரிஸ் பிளாக். 1955ல எம்ஜிஏ னு ஒரு ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார விட்டாங்க, அதுல இருந்ததும் இதே 1489 சிசிதான், ரெண்டு எஸ்யூ கார்புரேட்டர், கம்ப்ரஷன் கொஞ்சம் கூட, வேற கேம்ஷாஃப்ட், அம்புட்டுத்தான், 68ல ஆரம்பிச்சு 72 பிஹெச்பி வரைக்கும் எடுத்தாங்க. அப்புறம் இதே குடும்பத்துல 1798 சிசி வந்து எம்ஜிபில 95 குடுத்துச்சு. அந்த வண்டிகளுக்கு இன்னைக்கும் இங்கிலாந்துல புதுசா பார்ட்ஸ் அடிச்சு விக்கிறான். எல்லாமே பொருந்தாது, கேட்டு வாங்கணும், கஸ்டம்ஸ் வேற கட்டணும். ஆனா ஹெட் போர்ட்ட இழைச்சு, கம்ப்ரஷன அளவா ஏத்தி, ரெண்டு கார்புரேட்டர் வச்சு, பிளாட்டினம் பாயிண்ட எடுத்துட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளயே உக்கார்ற எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டா அறுபத்தஞ்சுக்கு மேல நிம்மதியா எடுக்கலாம். அதுக்கு மேல பேராச வேண்டாம், கிராங்குக்கு மூணே மூணு மெயின் பேரிங்தான், ஆர்பிஎம் ஏத்துனா முதல்ல அதுதான் தட்டும். போர்ட்டும் ரெண்டு சிலிண்டருக்கு ஒண்ணுதான், மூச்சு அம்புட்டுத்தான் விடும்.

விளாங்குடி வேகம்:

சரிண்ணே வையாதீங்க. டார்க் கணக்கு நான் பாக்கல, சரிதான். இருந்தாலும் அம்புட்டு செலவழிச்சு 65 பிஹெச்பிக்கு ரெண்டு கார்புரேட்டர் டியூனிங்கா? எவன் பண்ணுவான் இன்னைக்கு?

மலைப்பாதை:

நான் முப்பது வருசத்துக்கு மேல டாக்ஸி ஓட்டுனவன், அதுல பெரும்பாலும் அம்பாசிடர், பெரும்பாலும் கொடைக்கானல் லைன். நீங்க எல்லாரும் மலை ஏறுறதப் பத்தியே பேசுறீங்க. ஏறுறது கழுத, மெதுவா ஏறுனா ஏறிட்டுப் போகுது. இறங்குறத ஒருத்தரும் பேசலயே சாமி.

கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம். இறங்கும்போது பெருமாள்மலைல இருந்து டம்டம் பாறை வரைக்கும் வளைவு வளைவா வரும், நாலு சக்கரமும் டிரம்மு, பூஸ்டர் கிடையாது, ஆறு பேரு லக்கேஜோட. புதுசா ஓட்டுறவன் மூணாவது கியர்ல விட்டு பிரேக்க மிதிச்சுக்கிட்டே வருவான், பாதி வழில டிரம் காஞ்சு தீயுற நாத்தம் அடிக்கும், பெடல் கல்லாட்டம் இறுகிருக்கும், வண்டி நிக்காது. நாங்க எந்தக் கியர்ல ஏறுனோமோ அதே கியர்லதான் இறங்குவோம். பழைய வண்டில இன்னொண்ணும் இருக்கு, மாஸ்டர் சிலிண்டர் ஒத்த லைன். ஒரு சக்கரத்துல சிலிண்டர் ஒழுகுனாலோ ஒரு பைப்பு வெடிச்சாலோ நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு, அப்புறம் கை பிரேக்கும் கடவுளும்தான்.

அதனால இன்ஜினுக்கு ஒரு ரூவா செலவழிக்கிறதுக்கு முன்னாடி பிரேக்குக்கு செலவழிங்க. கடைசி வருசங்கள்ல வந்த அம்பாசிடர்ல கம்பெனிக்காரனே முன்னாடி டிஸ்க்கும் வேக்கம் பூஸ்டரும் குடுத்துருக்கான். அந்த முன்பக்க செட்ட அப்பிடியே நக்கிள், காலிப்பர், டிஸ்க்கு, பூஸ்டர், ரெட்டை லைன் மாஸ்டர் சிலிண்டரோட மொத்தமா ஒரே வண்டில இருந்து எடுங்க, அங்கொண்ணு இங்கொண்ணு சேக்காதீங்க, சேத்தா முன்னாடியும் பின்னாடியும் பிடிக்கிற அளவு மாறிப்போயி மழையில பின்சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி சுத்தும். ஹோஸு பைப்பு பூராம் புதுசு. பழைய பிரேக் ஆயிலு தண்ணி இழுத்துருக்கும், சுத்தமா வடிச்சுட்டு புதுசு ஊத்துங்க.

டயரும் அப்பிடித்தான். 5.90-15 நைலான் டயர்ல 100ல போறது நடக்காத காரியம், பள்ளத்தக் கண்டா அங்கிட்டும் இங்கிட்டும் இழுக்கும். 15 இன்ச்லயே ரேடியல் போடுங்க. அந்த 17 இன்ச் அலாய் கதையெல்லாம் வேண்டாம், ரிம்மு பெருசாயி டயர் பட்டையாச்சுன்னா ஸ்டீரிங் கல்லாயிரும், வளைக்கும்போது மட்காட்ல இடிக்கும், சக்கர பேரிங்கும் சீக்கிரம் போகும். சீட் பெல்ட்டு மூணு முனை வச்சது போடுங்க, போல்ட்டு போற இடத்துல தகரத்துக்கு அடில கனமான பிளேட் வச்சு வெல்டு பண்ணணும், சும்மா தகரத்துல முறுக்கக்கூடாது.

ஆர்சி புக்கு:

சட்டத்த ஒருத்தரும் தொடல, நான் தொடுறேன். ஆர்டிஓ ஆபீஸ் வேலையா தினமும் அலையுற ஆளு.

மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனிக்காரன் குடுத்த ஸ்பெசிஃபிகேஷன்ல இருந்து வண்டிய மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே கறாரா சொல்லிருச்சு. அதுக்காக இன்ஜின மாத்தவே கூடாதுன்னு இல்ல, ஆனா முன்கூட்டியே ஆர்டிஓ அனுமதி வாங்கி, மாத்தி, வண்டியக் காட்டி, ஆர்சில பதியணும். அனுமதி இல்லாம மாத்துனா அதே 2019ல திருத்துன சட்டப்படி 182ஏ பிரிவுல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூவா அபராதம், இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் போடலாம். அத விடப் பெருசு இன்சூரன்ஸ். ஆர்சில ஒரு இன்ஜின் நம்பர், வண்டில ஒரு இன்ஜின் நம்பர்னு இருந்துச்சுன்னா விபத்து நடந்தா கிளெய்ம்ல கைய விரிச்சிருவான். குடும்பத்த ஏத்திட்டுப் போற வண்டி, பாத்துக்கங்க.

ஜிப்சி இன்ஜினு, டர்போ இன்ஜினு இதெல்லாம் வேற கம்பெனி, வேற ரகம், அனுமதி கிடைக்கும்னு நம்பி காசப் போடாதீங்க. இசுசு இன்ஜின் அதே கம்பெனி அதே மாடல் வண்டில வந்ததுங்கிறதால பேசிப் பாக்க இடம் இருக்கு, அதுவும் முடிவு ஆபீசர் கையிலதான். இன்ஜின் வாங்குன பில்லு, அது எந்த வண்டில இருந்து கழட்டுனதுங்கிறதுக்கு பேப்பர் ரெண்டும் கையில இருக்கணும். காயலாங்கடைல துண்டுச் சீட்டுல எழுதித் தர்றது செல்லாது. முதல்ல எழுத்துமூலமா கேளுங்க, பதில் வந்த பின்னாடி இன்ஜின் தேடுங்க.

இன்னொரு விசயம், உங்க ஆர்சி உயிரோட இருக்கா? ஷெட்டுல கிடந்த வண்டிக்கு பெரும்பாலும் எஃப்சி (தகுதிச் சான்று) காலாவதி ஆகிருக்கும். 2022ல இருந்து காருக்கு புதுப்பிக்க 5000 ஆக்குனாங்க, இருபது வருசம் தாண்டுன காருக்கு 2025ல பத்தாயிரம் ஆக்கிட்டாங்க, லேட்டான ஒவ்வொரு மாசத்துக்கும் 500, பசுமை வரி தனி. இதையும் பட்ஜெட்ல எழுதிக்கங்க. அப்பா பேர்ல இருந்தா பேரு மாத்துறதயும் இப்பவே முடிச்சிருங்க.

மறந்துட்டேன், உங்க வண்டி 1983ன்னா 2033ல அம்பது வருசம் ஆகுது. 2021ல வந்த விண்டேஜ் ரூல்படி அம்பது தாண்டுன வண்டிக்கு விஏ போட்ட தனி நம்பர் எடுக்கலாம். ஆனா சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் எதுவும் பண்ணிருக்கக்கூடாது. எடுத்துட்டா தினமும் ரோட்ல ஓட்டவும் கூடாது. உங்களுக்கு அது வேண்டாம்னு நினைக்கிறேன், இருந்தாலும் தெரிஞ்சு முடிவு எடுங்க.

திருமங்கலத்தான்:

அண்ணே எல்லாருக்கும் பெரிய நன்றி. இன்ஜின் இன்ஜின்னு மட்டுமே மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்துச்சு.

ஆர்சி இன்னும் அப்பா பேர்லதான், காலாவதிதான், ஆர்சில பெட்ரோல்னே இருக்கு. (எங்க பக்கத்துல அந்தக் காலத்துல பெட்ரோல் அம்பாசிடருக்கு டீசல் இன்ஜின் வச்ச வண்டி நிறைய, அதனால பாத்தேன்.) கம்ப்ரஷன் பாத்தாச்சு, மூணு சிலிண்டர் ஒரே மாதிரி நிக்கிது, நாலாவது மட்டும் குறைச்சல், ஸ்பார்க் பிளக் ஓட்டைல கொஞ்சம் ஆயில் விட்டுப் பாத்ததுல அதுவும் ஏறிருச்சு. மலைப்பாதை அண்ணன் சொன்னத படிச்சுட்டு வீட்ல அம்மா "அந்த பிரேக்க முதல்ல பாருடா"ன்னு உத்தரவு போட்டுட்டாங்க.

தரை மேட்ட தூக்கிப் பாத்ததுல டிரைவர் காலடில கை போற அளவு ஓட்டை, முன்சீட்டுக்கு அடில போற குறுக்குச் சட்டத்துலயும் செதில் செதிலா உதிருது. டிங்கரிங் பாக்குறவரு "தகரத்த ஒட்டி மேல பட்டி போட்டு வழிச்சு விட்டா தெரியாது"ங்கிறாரு. சரியா வருமா?

கப்பலூர் லேத்:

வராது, ஓடி வந்துருங்க அவருகிட்ட இருந்து.

அம்பாசிடருக்கு தனி சேசிஸ் கிடையாது சார், தரையும் பாடியும்தான் சேசிஸே. முன்பக்க சஸ்பென்ஷன்ல நீளமா ரெண்டு கம்பி போகுதுல்ல, டார்ஷன் பார், அது முறுக்கி நிக்கிறதுதான் உங்க முன்சக்கர ஸ்பிரிங். அதோட பின்முனை போயி பூட்டிக்கிறது நீங்க சொல்ற அந்தக் குறுக்குச் சட்டத்துலதான். அது துருப்பிடிச்சு பிச்சுக்கிட்டா வண்டி ஓடும்போதே ஒரு பக்கம் உக்காந்துரும். இதுக்கு பட்டியா? துரு உள்ள தகரத்த நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, அதே கனத்துல புதுத் தகரம் மடிச்சு வெல்டு வைக்கணும். வெட்டுறதுக்கு முன்னாடி கதவு இடைவெளி மாறாம உள்ள முட்டுக் குடுத்துக்கணும், மறந்தா அப்புறம் கதவு சாத்தாது. டார்ஷன் பார டென்ஷன் இறக்காம ஸ்பேனர வச்சிராதீங்க, அடிச்சா கை எலும்பு போயிரும்.

கம்ப்ரஷன் ஆயில் விட்டதும் ஏறுதுன்னா அந்த ஒரு சிலிண்டர்ல ரிங்கு. முதல்ல கொஞ்ச நாளு ஓட்டிப் பாருங்க, விட்டாலும் விடும். இல்லாட்டி ரீபோர், அடுத்த சைஸ் பிஸ்டன், பெரிய காசு இல்ல.

திண்டுக்கல் இசுசு:

நான் அம்பாசிடர்ல இசுசு 1.8 மாத்தி ஓட்டுற ஆளு, அதனால ரெண்டு வார்த்த.

அந்த இன்ஜின் 1817 சிசி. 92, 93 வாக்குல அம்பாசிடருக்கே கம்பெனி அத வச்சுக் குடுத்துச்சு, 75 பிஹெச்பி, தரையில அஞ்சு கியர். அதே கம்பெனியோட கான்டெஸ்ஸா கார்லயும் அதே இன்ஜின்தான். ஓட்டுறதுக்கு வண்டியே மாறிப் போகும், நாலு வழிச் சாலையில அஞ்சாவது கியர்ல 100ல போகும்போது பக்கத்துல உக்காந்தவரு பேசுறது கேக்கும், உங்க பழைய நாலு கியர்ல 80 தாண்டுனா இன்ஜின் கத்துறது மட்டும்தான் கேக்கும். அந்த அஞ்சாவது கியர்தான் விசயமே, பிஹெச்பி இல்ல.

ஆனா வேல சும்மா இல்ல. மவுண்ட் வேற, கிளட்ச் வேற, தரைக்கு நடுவுல மேடா போற டன்னல வெட்டி கியர் கம்பிக்கு வழி விடணும், பிராப்பெல்லர் ஷாஃப்ட் நீளம் மாத்தி பேலன்ஸ் பண்ணணும் இல்லாட்டி 70ல இருந்து வண்டி பூராம் அதிரும், ஸ்பீடா மீட்டர் கேபிள், சைலன்சர், ரேடியேட்டர், பின் ஆக்சில் ரேஷியோ எல்லாம் தொடணும். என் யோசன, தனியா இன்ஜின் வாங்காதீங்க, ஒரு இசுசு அம்பாசிடர முழு வண்டியா பேப்பரோட வாங்குங்க, தேவையானது பூராம் அதுலயே இருக்கும், ஆர்சி புக்கு அண்ணன் சொன்ன பேப்பரும் அதோட வந்துரும். கிடைக்கிறது இப்ப கஷ்டம்தான். பார்ட்ஸுக்கு சென்னை புதுப்பேட்டை, அங்கயும் இல்லாட்டி கல்கத்தா மல்லிக் பஜார், அம்பாசிடர் செஞ்ச ஊருப் பக்கம்ங்கிறதால அங்க இன்னும் கிடைக்குது.

நேரா சொல்லணும்னா, தரையே போயிருக்கிற வண்டிக்கு இப்பவே இத ஆரம்பிக்காதீங்க. தரையும் பிரேக்கும் முடிய உங்க அஞ்சு லட்சத்துல பாதிக்கு மேல போயிரும். பழைய இன்ஜின் கிளம்புதுல்ல, அதுலயே ஒரு வருசம் ஓட்டுங்க.

கப்பலூர் லேத்:

திண்டுக்கல்காரர் சொன்ன கடைசி வரிக்கு நான் கையெழுத்துப் போடுறேன். நான் பழைய இன்ஜின் கட்சி, அவரு இசுசு கட்சி, இருந்தாலும் வரிசை ஒண்ணுதான்.

திருமங்கலத்தான்:

சரிண்ணே, முடிவு இதுதான். முதல்ல தரை, குறுக்குச் சட்டம், வெல்டிங். அதுக்கு வேற ஆளப் புடிச்சாச்சு, பழங்காநத்தம் பக்கம் பஸ் பாடி வேல பாத்த பெரியவரு, வந்து ஸ்குரூ டிரைவர வச்சு குத்திப் பாத்துட்டு நான் காட்டாத ரெண்டு ஓட்டைய அவரே காட்டுனாரு, அதுலயே நம்பிக்க வந்துருச்சு. அப்புறம் டிஸ்க் பிரேக் செட், ரேடியல். இன்ஜினுக்கு ஹெட் வேலையும் எலக்ட்ரானிக் இக்னிஷனும் மட்டும். ஆர்டிஓவுக்கு இசுசு பத்தி எழுதிக் கேட்டு வைக்கிறேன், பதில் வரும்போது வரட்டும். ரெண்டு கார்புரேட்டர் ஆச விடல, அது அப்புறம்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. ஏசி. சித்திர வெயில்ல அம்மாவ அதுக்குள்ள உக்கார வைக்க முடியாது. என் வண்டில பேட்டரிக்கு சார்ஜ் ஏத்த இன்னும் பழைய டைனமோதான் இருக்கு. அத வச்சுக்கிட்டே ஏசி போடலாமா?

கப்பலூர் லேத்:

முடியாது. அந்த டைனமோ முழு வேகத்துல ஓடுனாலே 22 ஆம்பியர்தான் குடுக்கும், கோரிப்பாளையம் சிக்னல்ல ஐடில்ல நிக்கும்போது ஒண்ணுமே குடுக்காது, சிவப்பு லைட்டு எரியும். நீங்க கணக்குப் போட்டுப் பாருங்க, ஹெட்லைட் ரெண்டு 55 வாட்னா 9 ஆம்பியர், ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேன் எப்படியும் வைக்கப் போறீங்க அது ஒரு பத்து, ஏசி புளோயர், கம்ப்ரஷர் கிளட்ச், கண்டன்சர் ஃபேன் எல்லாம் சேந்து இன்னொரு பதினஞ்சு இருபது. நாப்பதுக்கு வந்துருச்சா. டைனமோவுக்கு பதிலா 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போடுங்க, நம்ம லூகாஸ் டிவிஎஸ்லயே கிடைக்கும், பிராக்கெட் மட்டும் நான் அடிச்சுத் தர்றேன்.

மாத்துறதுக்கு முன்னாடி பேட்டரில எந்த முனை பாடில போகுதுன்னு பாருங்க. இந்த டிசைன்ல பழைய வண்டிகளுக்கு பாசிட்டிவ் எர்த் இருந்துருக்கு, உங்களோடதும் அப்பிடி இருந்தா நெகட்டிவ் எர்த்தா மாத்திட்டுத்தான் ஆல்டர்னேட்டர பூட்டணும், இல்லாட்டி டையோடு அந்த நிமிசமே போயிரும். இக்னிஷன் காயில் ஒயரும் மாத்தி மாட்டணும். டேஷ்போர்ட்ல ஆமீட்டர் இருந்தா ஆல்டர்னேட்டர் கரண்ட் பூராத்தையும் அது வழியா விடாதீங்க, அந்தப் பழைய ஒயரு அம்புட்டுத் தாங்காது, பேட்டரிக்கு தனியா கனமான ஒயர் ஃபியூஸோட போடுங்க. ஹெட்லைட்டுக்கு ரிலே வைங்க, ஏழு இன்ச் உருண்டை லைட்டுதான, ஹெச்4 ஹாலஜன் எந்தக் கடைலயும் கிடைக்கும்.

ஏசிய ரேடியேட்டருக்கு புதுக் கோர் போட்டு சூடு நிக்கிதான்னு பாத்த பின்னாடிதான் மாட்டணும். அம்பது குதிரைல ஏசி அஞ்சாறு குதிரைய தின்னுரும், மலை ஏறும்போது ஆஃப் பண்ணிக்கங்க, அங்க போனா அது எதுக்கு. வெல்டிங் முடிஞ்சதும் பிரைமர் அடிக்கிறதுக்கு முன்னாடி அடிப்பக்கம் ஒரு போட்டோ போடுங்க, நான் பாக்காம பெயிண்ட் அடிக்க விடாதீங்க.